ஓர் ஊரைக் கொடுப்பது எப்படி?

1960 மார்ச் 31 இரவு திருவாலங்காட்டில் படுத்தவர்கள் ஆந்திரப் பிரதேசத்தில் தூங்கி, சென்னை மாநிலத்தில் கண்விழித்தார்கள். யாரும் மூட்டை கட்டவில்லை. வடாரண்யேசுவரர் கோயில் இருந்த இடத்திலேயே இருந்தது. அரக்கோணம் போகிற ரயில் அதே தண்டவாளத்தில்தான் போனது. மாறியதெல்லாம் கண்ணுக்குத் தெரியாத விஷயங்கள். சித்தூர் மாவட்டத்து ஊர் செங்கல்பட்டு மாவட்டத்து ஊர் ஆனது. நிலத் தகராறு மேல்முறையீட்டுக்குப் போனால் இனி ஐதராபாத் உயர் நீதிமன்றம் இல்லை, சென்னை. வரி வாங்குகிற அரசு வேறு, பள்ளிக்கூடத்தில் எந்த மொழியில் பாடம் நடக்கும் என்று தீர்மானிக்கிற அரசும் வேறு.

இதற்குப் பதினெட்டு நாள் முன்பு, மார்ச் 14 அன்று, டெல்லியில் உச்ச நீதிமன்றத்தின் எட்டு நீதிபதிகள் வேறோர் ஊரைப் பற்றிக் கருத்துச் சொல்லியிருந்தார்கள். மேற்கு வங்கத்தில் ஜல்பைகுரி மாவட்டத்து எல்லையில் இருக்கும் பெருபாரி. அதில் பாதியைப் பாகிஸ்தானுக்குக் கொடுக்கப் பிரதமர் ஒப்புக்கொண்டுவிட்டார். கொடுக்கலாமா? கொடுக்கலாம் என்றால் எப்படி?

இரண்டுமே எல்லையோர ஊர்களின் கதை. இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு கேள்விதான் நிற்கிறது: ஓர் அரசு தன் நிலத்தையும் அதன் மேல் வாழ்கிற மனிதர்களையும் எடுத்து இன்னொருவர் கையில் கொடுக்கும் அதிகாரத்துக்கு வரம்பு எங்கே இருக்கிறது? திருத்தணிக்கும் திருவாலங்காட்டுக்கும் கிடைத்த பதில் வேறு, பெருபாரிக்குக் கிடைத்த பதில் வேறு. ஏன் வேறு என்பதுதான் இந்தக் கட்டுரை.

*

முதலில் நம் ஊர்.

1952 டிசம்பர் 15 அன்று பொட்டி ஸ்ரீராமுலு சென்னையில் உண்ணாவிரதமிருந்து இறந்துபோனார். அடுத்த ஆண்டு அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிறந்தது. சென்னை நகரம் யாருக்கு என்ற சண்டையில் தமிழர் தரப்பு வென்றது. வடக்கில் கதை அப்படி முடியவில்லை. சித்தூர் மாவட்டம் முழுசாக, அப்படியே, ஆந்திரத்துக்குப் போனது. அதற்குள் திருப்பதியும் இருந்தது, திருத்தணியும் இருந்தது, திருவாலங்காடும் இருந்தது.

இங்கே கவனிக்க வேண்டிய சொல் ‘மாவட்டம்’. மாவட்டத்தை ஓர் அலகாக எடுத்தால் சித்தூரில் தெலுங்கு பேசுவோரே அதிகம். தாலுகாவை அலகாக எடுத்தால் திருத்தணியின் கணக்கு வேறு மாதிரி வரும். கிராமத்தை அலகாக எடுத்தால் இன்னும் வேறு மாதிரி. எதை எண்ணுகிறோம் என்பதற்கு முன்னால் எந்தப் பெட்டிக்குள் வைத்து எண்ணுகிறோம் என்று ஒருவர் முடிவு செய்துவிடுகிறார். அந்த முடிவிலேயே பாதித் தீர்ப்பு எழுதியாகிவிடுகிறது.

ம.பொ.சி.யும் அவருடைய தமிழரசுக் கழகமும் நடத்திய வடக்கெல்லைப் போராட்டம் அடிப்படையில் இந்தப் பெட்டியை மாற்றச் சொன்ன போராட்டம். உள்ளூரில் மங்கலங்கிழார் போன்ற தமிழாசிரியர்கள் ஆண்டுக்கணக்காக ஊர் ஊராகப் போய்ப் பள்ளி நடத்தியும் சங்கம் வைத்தும் அதற்குத் தரை தயார் செய்திருந்தார்கள். மறியல், ஊர்வலம், கைது எல்லாம் நடந்தன. ம.பொ.சி.யும் திருத்தணியில் கைதானார். சிறையில் இருவர் உயிர்விட்டார்கள். வேங்கடமலை கைவிட்டுப் போனாலும் தணிகைமலையாவது மிஞ்சட்டும் என்ற இடத்துக்குக் கோரிக்கை சுருங்கியது.

கடைசியில் சட்ட அமைச்சராக இருந்த எச்.வி. படாஸ்கர் நடுவராக வந்தார். அவர் மூன்று அளவுகோல் வைத்துக்கொண்டார்: கிராமமே அலகு, அந்தக் கிராமத்தில் பெரும்பான்மையோர் பேசும் மொழி எது, அந்தக் கிராமம் மற்ற கிராமங்களோடு நிலத்தொடர்ச்சியாக இருக்கிறதா. பெட்டி மாறியது, விடையும் மாறியது. திருத்தணி தாலுகாவின் பெரும்பகுதி சென்னை மாநிலத்துக்கு வந்தது. பதிலுக்குச் சத்தியவேடு பகுதி ஆந்திரத்துக்குப் போனது. இதைச் சட்டமாக்க நாடாளுமன்றம் 1959-ல் ஆந்திரப் பிரதேசம், சென்னை மாநிலங்களின் எல்லையை மாற்றும் சட்டத்தை இயற்றியது. நடைமுறைக்கு வந்த நாள் 1960 ஏப்ரல் 1.

வெற்றிதான். ஆனால் ஒரு சின்னக் கேள்வியைச் சத்தியவேட்டுப் பக்கம் நின்று கேட்டுப் பாருங்கள்: “எங்க ஊரை எங்ககிட்ட கேக்காம எப்படிக் கொடுத்தாங்க?” திருவாலங்காட்டுக்காரருக்கு இந்தக் கேள்வி எழவில்லை, ஏனென்றால் அவர் விரும்பியது கிடைத்தது. கேள்வி இல்லாமல் போய்விடவில்லை.

*

அரசமைப்பின் 3-ஆவது பிரிவு இதற்குப் பதில் வைத்திருக்கிறது. நாடாளுமன்றம் சாதாரணச் சட்டம் ஒன்றின் மூலம் புதிய மாநிலத்தை உருவாக்கலாம், ஒரு மாநிலத்தின் பரப்பைக் கூட்டலாம், குறைக்கலாம், எல்லையை மாற்றலாம், பெயரையும் மாற்றலாம். மூன்றில் இரண்டு பங்கு பெரும்பான்மை வேண்டியதில்லை. நிபந்தனைகள் இரண்டுதான். குடியரசுத் தலைவரின் பரிந்துரையோடு மசோதா வர வேண்டும். பாதிக்கப்படும் மாநிலத்தின் சட்டமன்றத்துக்கு மசோதாவை அனுப்பி, குறிப்பிட்ட காலத்துக்குள் கருத்துக் கேட்க வேண்டும்.

கருத்து கேட்க வேண்டும், சம்மதம் வாங்க வேண்டியதில்லை. கல்யாணத்துக்குப் பெண்ணிடம் “உனக்கு என்னம்மா தோணுது?” என்று கேட்டுவிட்டு, பதில் என்னவாக இருந்தாலும் முகூர்த்தம் குறிப்பது போல.

இதை நீதிமன்றம் எப்படிப் படித்தது? 1956-ல் மாநிலச் சீரமைப்பு நடந்தபோது பம்பாயைப் பற்றிய மசோதா முதலில் மூன்று துண்டுகளைச் சொன்னது: மகாராஷ்டிரம், குஜராத், மத்திய அரசின் கீழ் பம்பாய் நகரம். அதன்மீது பம்பாய்ச் சட்டமன்றத்தின் கருத்தைக் கேட்டார்கள். பிறகு நாடாளுமன்றம் மனசை மாற்றிக்கொண்டு மூன்றையும் சேர்த்து ஒரே பெரிய பம்பாய் மாநிலமாக்கியது. பாபுலால் பராத்தே என்பவர் வழக்குப் போட்டார். நீங்கள் கருத்துக் கேட்டது வேறு திட்டத்துக்கு, நிறைவேற்றியது வேறு திட்டம், மறுபடி கேட்டிருக்க வேண்டாமா என்பது அவர் வாதம். நியாயமாகத்தான் படுகிறது. 1959 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஒவ்வொரு திருத்தத்துக்கும் திரும்பப் போய்க் கேட்க வேண்டும் என்று பிரிவின் வாசகம் சொல்லவில்லை, கருத்து வந்தாலும் நாடாளுமன்றம் அதற்குக் கட்டுப்பட்டதில்லை என்றது. ‘மாநிலம்’ என்றால் அங்கு வாழும் மக்கள் என்று விரித்துப் பொருள் கொள்ளவும் மறுத்தது. மாநிலத்தின் குரல் என்றால் சட்டமன்றம், அவ்வளவே.

அமெரிக்காவில் நிலைமை நேரெதிர். அங்கே ஒரு மாநிலத்தை அதன் சட்டமன்றத்தின் சம்மதம் இல்லாமல் வெட்டவோ ஒட்டவோ முடியாது என்று அரசமைப்பே எழுதிவைத்திருக்கிறது. 1869-ல் டெக்சஸ் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அழிக்க முடியாத ஒன்றியம், அழிக்க முடியாத மாநிலங்கள் என்று தன் நாட்டை விவரித்தது. நம்முடையது அழிக்க முடியாத ஒன்றியம், அழிக்கக்கூடிய மாநிலங்கள். அரசமைப்பை எழுதியவர்களுக்கு இதற்குக் காரணம் இருந்தது. அவர்கள் கையில் இருந்தது வெள்ளைக்காரன் வரைந்த மாகாணங்களும், அப்போதுதான் வந்து சேர்ந்த ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட சமஸ்தானங்களும். அந்த வரைபடத்தைத் திருத்த ஒவ்வொரு ராஜ்ஜியத்தின் சம்மதத்துக்கும் காத்திருந்தால் மொழிவழி மாநிலம் என்று ஒன்று வந்தே இருக்காது. திருத்தணி தமிழ்நாட்டுக்கு வந்ததும் இந்தத் தாராளமான அதிகாரத்தால்தான்.

ஆனால் திருத்தணியை மீட்டுத் தந்த அதே கத்தி வேறு கையிலும் வேலை செய்யும். 2014 ஜனவரியில் தெலங்கானா மசோதாவை ஆந்திரச் சட்டமன்றம் நிராகரித்தது. பிப்ரவரியில் நாடாளுமன்றம் அதை நிறைவேற்றியது. ஜூன் 2 அன்று புது மாநிலம் வந்துவிட்டது. மொழி பேசுவோருக்காகத் தனி மாநிலம் கேட்டு முதலில் வென்ற தெலுங்கர்களின் மாநிலமே, அதன் சட்டமன்றம் வேண்டாம் என்ற பிறகும் பிரிந்தது.

*

இப்போது பெருபாரி.

1947-ல் ராட்க்ளிஃப் அவசர அவசரமாகக் கோடு போட்டார். பெருபாரிப் பக்கத்தில் எல்லையை விவரிக்கும் வாசகத்தில் ஒரு காவல் சரகத்தின் பெயர் விட்டுப்போயிருந்தது. கூடவே இணைத்த வரைபடம் வாசகத்தோடு ஒத்துப்போகவில்லை. மொத்தப் பரப்பு 8.75 சதுர மைல். பத்துப் பன்னிரண்டாயிரம் பேர் அங்கே இருந்தார்கள். 1947 முதல் அது மேற்கு வங்கத்தின் பகுதியாகவே நிர்வாகத்தில் இருந்தது. 1952-ல் பாகிஸ்தான் அது தனக்குரியது என்று கிளப்பியது. 1958 செப்டம்பரில் நேருவும் பாகிஸ்தான் பிரதமர் ஃபிரோஸ் கான் நூனும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்ள ஒப்பந்தம் போட்டார்கள். மேற்கு வங்கத்தில் எதிர்ப்பு வெடித்தது. மாநில அரசே எதிர்த்தது. விவகாரம் முற்றவே, குடியரசுத் தலைவர் 143-ஆவது பிரிவின் கீழ் உச்ச நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்டார்.

மத்திய அரசின் சார்பில் அட்டர்னி ஜெனரல் எம்.சி. சேத்தல்வாட் வைத்த முதல் வாதம் சுவாரசியமானது. நாங்கள் எதையும் கொடுக்கவில்லை, எல்லை எங்கே இருக்கிறது என்று தெரியாமல் இருந்தது, அதைக் கண்டுபிடித்துக் குறித்திருக்கிறோம், அவ்வளவுதான். அப்படியானால் நாடாளுமன்றமே தேவையில்லை, அமைச்சரவை போதும். அது எடுபடாவிட்டால் இரண்டாவது வாதம்: 3-ஆவது பிரிவில் மாநிலத்தின் பரப்பைக் ‘குறைக்கலாம்’ என்று இருக்கிறதே, குறைத்த பகுதி வெளிநாட்டுக்குப் போனால் என்ன? சாதாரணச் சட்டம் போதும்.

எதிர்த் தரப்பு இன்னொரு எல்லைக்குப் போனது. இந்திய நிலத்தில் ஓர் அங்குலத்தையும் யாருக்கும் கொடுக்கும் அதிகாரம் எவருக்குமே கிடையாது, முகவுரையே அதைத் தடுக்கிறது என்றது.

நீதிபதி கஜேந்திரகட்கர் எழுதிய கருத்துரை மூன்றையும் ஒதுக்கியது. ஒப்பந்தத்தின் வாசகத்தைப் படித்தால், வாசகத்தில் இருந்த பிழைக்கு விளக்கம் தேடிக் கோட்டைக் கண்டுபிடித்ததாக எங்கும் இல்லை. சமரசமாகப் பாதியைப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். எல்லைக் குறிப்பு என்று பெயர் வைத்தாலும் இது நிலத்தை விட்டுக்கொடுப்பதுதான். அடுத்து, 3-ஆவது பிரிவு பேசுவது வீட்டுக்குள் அறைகளை மாற்றியமைப்பதைப் பற்றி. ஒரு மாநிலத்தில் குறைவது இந்தியாவுக்குள்தான் வேறெங்காவது போய்ச் சேர வேண்டும். வீட்டின் ஒரு பகுதியைப் பக்கத்து வீட்டுக்காரருக்கு எழுதிக் கொடுப்பது அதில் வராது. அதே சமயம், இறையாண்மை உள்ள நாட்டுக்கு நிலத்தை விட்டுக்கொடுக்கும் அதிகாரமும் உண்டு. அதை அரசமைப்புத் திருத்தத்தின் வழியாகத்தான் செய்ய வேண்டும்.

அதாவது, கொடுக்கவே கூடாது என்று நீதிமன்றம் சொல்லவில்லை. நாலு பேருக்கு நடுவில், நாடாளுமன்றத்தில், சிறப்புப் பெரும்பான்மை திரட்டி, பெயர் சொல்லிக் கொடு என்றது. அதிகாரத்துக்கு வரம்பு கட்டுவது என்றால் பெரும்பாலும் இதுதான் நடக்கிறது. கதவை யாரும் சுவராக்குவதில்லை, உயரமான வாசற்படி வைக்கிறார்கள்.

இந்தக் கருத்துரையில் ஒரு வரி பிற்காலத்தில் நிற்கவில்லை. முகவுரை அரசமைப்பின் பகுதி அல்ல என்று அதில் சொல்லியிருந்தார்கள். 1973-ல் கேசவானந்த பாரதி வழக்கில் நீதிமன்றம் அதைத் திருத்திக்கொண்டது.

1960 டிசம்பரில் 9-ஆவது அரசமைப்புத் திருத்தம் வந்தது. நேரு படியேறிவிட்டார். ஆனால் பெருபாரி போகவில்லை. வழக்குகள் தொடர்ந்தன, நிலத்தில் கோடு போடும் வேலை இழுத்துக்கொண்டே போனது, 1971-ல் கிழக்குப் பாகிஸ்தானே இல்லாமல் போனது. 1974 மே மாதம் இந்திரா காந்தியும் முஜிபுர் ரஹ்மானும் செய்த உடன்பாட்டில் பெருபாரியின் தென்பாதி இந்தியாவிடமே இருக்கும் என்றானது. தாமதப்படுத்துவதும் ஒரு பாதுகாப்புதான் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

*

பெருபாரியில் நீதிமன்றம் பெயரைத் தாண்டிப் பொருளைப் பார்த்தது. எல்லா நேரமும் அப்படிப் பார்க்கும் என்று உத்தரவாதம் கிடையாது.

1965-ல் கட்ச் பாலைநிலத்தில் இந்தியாவும் பாகிஸ்தானும் மோதிக்கொண்டன. விவகாரம் மூவர் கொண்ட சர்வதேசத் தீர்ப்பாயத்துக்குப் போனது. 1968-ல் வந்த தீர்ப்பு சர்ச்சைக்குரிய பகுதியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கைப் பாகிஸ்தானுக்குத் தந்தது. அரசமைப்பைத் திருத்தாமல் கொடுக்கக் கூடாது என்று மகன்பாய் படேல் உள்ளிட்டோர் வழக்குப் போட்டார்கள். 1969 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது: பெருபாரி வேறு, இது வேறு. இங்கே எல்லை உண்மையிலேயே தீராமல் இருந்தது, அதை ஒரு தீர்ப்பாயம் விசாரித்து முடித்தது. தகராறைத் தீர்ப்பது நிலத்தைக் கொடுப்பதாகாது. அரசே நடைமுறைப்படுத்தலாம்.

தர்க்கமாகப் பார்த்தால் இந்த வேறுபாடு சரியே. ஆனால் இதிலிருந்து ஓர் அரசு கற்றுக்கொள்ளும் பாடம் என்ன? ‘கொடுத்தோம்’ என்று சொன்னால் அரசமைப்புத் திருத்தம். ‘தகராறு இருந்தது, தீர்த்தோம்’ என்று சொன்னால் ஒரு கையெழுத்து.

தமிழ்நாட்டுக்கு இந்தப் பாடம் ஐந்தே ஆண்டில் வந்தது. 1974 ஜூனில் கச்சத்தீவு இலங்கையின் பக்கம் விழும்படி கடல் எல்லை ஒப்பந்தம் கையெழுத்தானது. பரப்பு 285 ஏக்கர். அரசமைப்புத் திருத்தம் வரவில்லை. ஆகஸ்டில் தமிழகச் சட்டமன்றம் ஒப்பந்தத்துக்கு எதிராகத் தீர்மானம் போட்டது. பின்னாளில் ஜெயலலிதா 2008-லும் கருணாநிதி 2013-லும் உச்ச நீதிமன்றம் போனபோது இருவருமே பற்றிக்கொண்ட கொம்பு பெருபாரிதான். அந்தத் தீவு ராமநாதபுரம் ஜமீனுக்கு உட்பட்டது, இந்திய நிலம், திருத்தம் இல்லாமல் கொடுத்தது செல்லாது. மத்திய அரசு பற்றிக்கொண்டது கட்ச் வழக்கின் தர்க்கத்தை. அந்தத் தீவு யாருடையது என்றே தீர்மானமாகாமல் இருந்தது, ஆகவே இந்தியாவுக்குச் சொந்தமான எதையும் விட்டுக்கொடுக்கவில்லை என்றது.

தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெருபாரியைத் திரும்பத் தந்த உடன்பாடு 1974 மே. கச்சத்தீவு 1974 ஜூன். இரண்டும் ஒரே பிரதமர் காலத்தில். பெருபாரிக்கு ஏறச் சொன்ன படியைக் கச்சத்தீவுக்கு ஏற வேண்டியிருக்கவில்லை. பெயர் வேறாக இருந்தது.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2015-ல் வங்கதேசத்தோடு 162 திட்டுகளைப் பரிமாறிக்கொண்டபோது அரசு படியேறித்தான் போனது. 100-ஆவது அரசமைப்புத் திருத்தம் நிறைவேறியது. அந்தத் திட்டுகளில் வாழ்ந்தவர்களுக்கு எந்த நாட்டுக் குடிமக்களாக இருக்க விருப்பம் என்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்பும் கிடைத்தது. திருவாலங்காட்டையோ சத்தியவேட்டையோ 1960-ல் யாரும் இப்படி ஆள் ஆளாகக் கேட்கவில்லை.

*

நிலத்தைக் கொடுப்பதைப் பற்றி இந்த ஊர் ஆயிரம் வருடமாக யோசித்துக்கொண்டிருக்கிறது என்று சொன்னால் அது மிகையில்லை. 1905-ல் கண்டெடுக்கப்பட்ட திருவாலங்காட்டுச் செப்பேடுகள், 31 ஏடுகள், முதலாம் ராஜேந்திரன் தன் 6-ஆம் ஆட்சியாண்டில் பக்கத்துப் பழையனூரைத் திருவாலங்காட்டு இறைவனுக்குக் கொடுத்ததைப் பதிவு செய்கின்றன. வரலாற்று ஆர்வலர்கள் கங்கைப் படையெடுப்புக்காகவும் சோழர் வம்சாவளிக்காகவும் அதைப் படிப்பார்கள். சட்டம் படிக்கிறவர்கள் அதன் தமிழ்ப் பகுதியைப் படிக்கலாம். ராஜாவின் வாய்ச்சொல் மட்டும் போதவில்லை. ஆணை அதிகாரி அதிகாரியாக இறங்கி, ஓலையாகி, கணக்கில் ஏறி, நாட்டாருக்குப் போய், பெண் யானையை எல்லை நெடுக நடத்தி ஊரைச் சுற்றிவந்து, பிறகுதான் செம்பில் ஏறுகிறது. அதற்குமுன் அந்த ஊர் ஒரு பிராமணச் சபையின் கையில் இருந்தது. அந்தச் சபையின் சம்மதம் தேவைப்பட்டதா என்பது நமக்கு வேண்டிய கேள்வி. ராஜாவுக்கு அது வேண்டியிருக்கவில்லை. ஆனால் அவரும் ஊரைச் சுற்றி யானையை நடத்த வேண்டியிருந்தது. எதைக் கொடுக்கிறோம் என்று எல்லாரும் பார்க்கும்படி கொடுக்க வேண்டியிருந்தது.

அதே பழையனூருக்கு இன்னொரு கதை உண்டு, எல்லாருக்கும் தெரிந்த நீலி கதை. மனைவி என்று சொல்லிக்கொண்டு வந்தவளைக் கண்டு பயந்த வணிகன் ஊர்ச்சபையிடம் முறையிட்டான். எழுபது வேளாளர்கள் விசாரித்து, அவளோடு போ, உனக்கு ஏதாவது ஆனால் எங்கள் உயிரைத் தருகிறோம் என்று தீர்ப்புச் சொன்னார்கள். விடிவதற்குள் அவன் செத்துக் கிடந்தான். எழுபது பேரும் தீயில் இறங்கினார்கள். இதை வாக்குத் தவறாமையின் பெருமையாகவே சொல்லிவந்திருக்கிறோம். ஆனால் அது ஒரு தவறான தீர்ப்பின் கதையும்கூட. சாட்சியை நம்பிய, ஆதாரத்தைச் சரியாகப் பார்க்காத நீதிமன்றம். வித்தியாசம் ஒன்றுதான்: தங்கள் உத்தரவாதத்தின் விலையை அவர்களே கொடுத்தார்கள்.

2023 டிசம்பர் 11 அன்று ஐந்து நீதிபதிகள் ஜம்மு காஷ்மீர் வழக்கில் தீர்ப்புச் சொன்னார்கள். 2019-ல் ஒரு முழு மாநிலத்தை இரண்டு யூனியன் பிரதேசங்களாக மாற்றியதும் அந்த வழக்கில் ஒரு கேள்வி. அப்போது அங்கே சட்டமன்றமே கிடையாது, கலைத்தாகிவிட்டது. மாநிலத்தின் கருத்தை மாநிலத்துக்குப் பதிலாக நாடாளுமன்றமே சொல்லிக்கொண்டது. எப்படியும் அந்தக் கருத்து யாரையும் கட்டுப்படுத்தாது என்ற பழைய பம்பாய் வழக்கின் வழியில் நீதிமன்றம் அதைத் தவறாகப் பார்க்கவில்லை. லடாக்கைத் தனியே பிரித்தது செல்லும் என்றது. ஆனால் 3-ஆவது பிரிவைக் கொண்டு ஒரு மாநிலத்தை மாநிலமே இல்லாமல் ஆக்கிவிட முடியுமா என்ற பெரிய கேள்விக்குப் பதில் சொல்லாமல் விட்டது. காரணம், ஜம்மு காஷ்மீருக்கு மாநிலத் தகுதியைத் திருப்பித் தருவோம் என்று மத்திய அரசின் வழக்கறிஞர், சொலிசிட்டர் ஜெனரல், நீதிமன்றத்தில் வாக்குக் கொடுத்திருந்தார்.

வாக்கு என்று வந்துவிட்டால் பழையனூர்க்காரர்களுக்குக் கேட்க ஒரு கேள்வி இருக்கும். வாக்குத் தவறினால் யார் எதைக் கொடுப்பார்கள் என்று தீர்ப்பில் எழுதியிருக்கிறதா?

எழுதவில்லை. காலக்கெடுவும் போடவில்லை, கூடிய விரைவில் என்பதோடு சரி. அந்தக் கேள்விக்கு விடை இல்லாதவரை, திருவாலங்காட்டை ஒரே இரவில் இந்தப் பக்கம் கொண்டுவந்து சேர்த்த அந்த 3-ஆவது பிரிவின் முழு நீளம் என்ன என்பது நமக்குத் தெரியாது. தமிழ்நாடு உட்பட எந்த மாநிலத்துக்கும் தெரியாது.